தடையும் எதிர்ப்பும்: நிறுவன மாற்ற ஆய்வின் மூன்று தொடக்கப் பனுவல்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பணியிடங்களில் நிகழும் நிறுவன மாற்றத்தையும் நிறுவன வளர்ச்சியையும் ஆராயும் துறையில் ‘மாற்றத்திற்கு எதிர்ப்பு’ என்னும் தொடர் நிலைபெற்ற கலைச்சொல்லாக வழங்கிவருகிறது. மாற்றம் தோல்வியுறும்போது அதற்குரிய காரணத்தைத் தொழிலாளரின் மனப்பாங்கில் தேடும் வழக்கம் இத்தொடரோடு பிணைந்துள்ளது. இத்துறைக்கு அடித்தளமிட்ட மூன்று பனுவல்கள் அவ்வழக்கத்திற்கு இடந்தருகின்றனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. காக், ஃபிரெஞ்ச் ஆகியோரின் ஹார்வுட் ஆய்வு (1948), டிரிஸ்ட், பாம்ஃபோர்த் ஆகியோரின் நிலக்கரிச் சுரங்க ஆய்வு (1951), ரைஸின் அகமதாபாத் நெசவாலை ஆய்வு (1958) ஆகியன இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவை மூன்றும் இடையூற்றை வேலையின் அமைப்பிலும் குழு உறவிலுமே கண்டன என்பதும், மாற்றம் வேண்டுமா என்ற வினாவில் தொழிலாளர்க்குள்ள உரிமையை இவை பேசாது விட்டன என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: நிறுவன மாற்றம், நிறுவன வளர்ச்சி, எதிர்ப்பு, தடை, தொழிலாளர் பங்கேற்பு, ஹார்வுட், அகமதாபாத்.

முன்னுரை

ஒரு தொழிற்கூடத்தில் புதிய பொறி நிறுவப்படுகிறது. அல்லது வேலைமுறை மாற்றப்படுகிறது. அல்லது இரு பிரிவுகள் ஒன்றாக்கப்படுகின்றன. சில வாரங்களில் உற்பத்தி குறைகிறது, விடுப்புகள் பெருகுகின்றன, சிலர் வேலையை விட்டு நீங்குகின்றனர். இந்நிகழ்வுகளுக்கு மேலாண்மைப் பாடங்கள் தரும் பெயர் ‘மாற்றத்திற்கு எதிர்ப்பு’ என்பதாகும். பெயரிட்ட அளவிலேயே காரணமும் கூறப்பட்டுவிட்டது போன்ற தோற்றம் எழுகிறது. எதிர்ப்பவர் யார் என்று தேடி, அவரை இணங்கச் செய்யும் வழிகளைப் பட்டியலிடுவதே அடுத்த பணியாகிவிடுகிறது.

இப்பெயரீட்டின் விளைவு வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. ஒரு தொழிலாளி கூறும் குறை, ஆராயப்பட வேண்டிய செய்தியாகக் கொள்ளப்படுமா, நீக்கப்பட வேண்டிய இடையூறாகக் கொள்ளப்படுமா என்பதை இச்சொல்லே பெரிதும் முடிவு செய்கிறது. முன்னதாயின் வேலைமுறை திருத்தப்படும். பின்னதாயின் தொழிலாளி திருத்தப்படுவார்.

எனவே இச்சொல் எங்கிருந்து வந்தது, முதலில் என்ன பொருளில் ஆளப்பட்டது, தமிழில் பெயர்க்கப்பட்டபோது என்ன ஆயிற்று என்னும் வினாக்கள் எழுகின்றன. அவற்றிற்கு விடை காணும் நோக்கில் முற்குறித்த மூன்று பனுவல்களும் கீழே நுணுகி நோக்கப்படுகின்றன.

1. சொல்லின் பிறப்பும் தமிழாக்கமும்

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவிற்குப் புலம்பெயர்ந்த உளவியலாளர் கர்ட் லெவின் 1947 பிப்ரவரியில் மறைந்தார். அவ்வாண்டு தொடங்கப்பெற்ற ‘ஹியூமன் ரிலேஷன்ஸ்’ ஆய்விதழின் முதல் தொகுதியில் குழு இயக்கவியல் குறித்த அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. ஒரு குழுவின் நடத்தை அசையாது நிற்பது போலத் தோன்றினும், அது எதிரெதிரான விசைகள் சமன்பட்டு நிற்கும் நிலையே என்பது அவருடைய அடிப்படைக் கருத்தாகும். ஒரு பக்கம் உந்து விசைகள். மறு பக்கம் தடுப்பு விசைகள். உந்து விசையை மட்டும் மிகுத்தால் குழுவிற்குள் இறுக்கம் மிகும். தடுப்பு விசையைக் குறைத்தால் இறுக்கம் குறைந்த நிலையில் மாற்றம் நிகழும் என்று அவர் விளக்கினார்.

இவ்விளக்கம் இயற்பியலின் சொல்வழக்கைத் தழுவியது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக உள்ள இக்கலைச்சொல்லுக்குத் தமிழில் இரு நிகரன்கள் உண்டு. இயற்பியலில் அது ‘தடை’. மின்தடை என்பதில் அப்பொருளே பயில்கிறது. அரசியலிலும் மேலாண்மையிலும் அது ‘எதிர்ப்பு’. தடைக்கு ஒரு வினைமுதல் வேண்டியதில்லை. கம்பியின் நீளமும் தடிமனும் பொருளும் மின்தடையை உண்டாக்குகின்றன. கம்பி முரண்டு பிடிப்பதாக எவரும் கூறுவதில்லை. எதிர்ப்புக்கோ எதிர்ப்பவர் ஒருவர் வேண்டும்; அவருக்கு ஒரு நோக்கமும் வேண்டும். லெவினின் கருத்து ‘தடை’ என்பதற்கு நெருக்கமானது. அது ‘எதிர்ப்பு’ எனத் தமிழில் வழங்கப்பட்டபோது, ஒரு களத்தின் பண்பாக இருந்தது ஓர் ஆளின் பண்பாக மாறிவிட்டது.

இப்பிறழ்ச்சி தமிழுக்கு மட்டும் உரியதன்று. எரிக் டென்ட், சூசன் கால்ட்பெர்க் ஆகியோர் 1999-இல் எழுதிய கட்டுரையில், அமைப்பு முழுவதையும் குறித்த லெவினின் கருத்து, பிற்காலத்தில் தனிமனித உளவியல் கருத்தாகச் சுருங்கிவிட்டது என்று காட்டினர். உறைநிலை தளர்த்தல், மாற்றுதல், மீண்டும் உறையச் செய்தல் என லெவின் பெயரால் வழங்கும் மூன்று படிநிலை மாதிரிகூட, அவர் மறைவுக்குப் பின் பிறரால் திரட்டி உருவாக்கப்பட்டதே என்பதைக் கமிங்ஸ், பிரிட்ஜ்மன், பிரவுன் ஆகிய மூவரும் 2016-இல் நிறுவினர். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் மறைந்து நின்ற இம்மாற்றம், தமிழில் இரு சொற்களாகப் பிரிந்து வெளிப்படையாகத் தெரிகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

2. ஹார்வுட்: பதின்மூவர் தரும் சான்று

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்னும் சிற்றூரில் ஹார்வுட் நிறுவனத்தின் பைஜாமா ஆலை இயங்கியது. அதன் தலைவர் ஆல்ஃபிரட் மாரோ தாமே உளவியலாளர், லெவினின் நண்பர். சுற்றியிருந்த மலைப்பகுதிச் சிற்றூர்களிலிருந்து வந்த சுமார் 500 பெண்களும் 100 ஆண்களும் அங்கு வேலை செய்தனர். தொழிலாளரின் சராசரி வயது 23. துண்டுக் கணக்கில் கூலி வழங்கப்பட்டது. மணிக்கு 60 அலகு என்பது அங்கு வகுக்கப்பட்ட தரஅளவு.

வேலை மாற்றப்பட்ட தொழிலாளருள் 38 விழுக்காட்டினர் மட்டுமே மீண்டும் 60 அலகை எட்டினர். எஞ்சிய 62 விழுக்காட்டினர் தொடர்ந்து தரஅளவுக்குக் கீழே நின்றனர் அல்லது வேலையை விட்டனர். இதற்குக் காரணம் காணவே லெஸ்டர் காக்கும் ஜான் ஃபிரெஞ்சும் தம் கள ஆய்வை வடிவமைத்தனர். முதல் குழுவில் இஸ்திரியிடும் 18 பேர் இருந்தனர். தேய்த்த அரை டஜன் பைஜாமாக்களை அட்டையின்மீது அடுக்கிவந்த அவர்கள், இனிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டனர், காரணம் விளக்கப்பட்டது, வினாக்களுக்கு விடை தரப்பட்டது, அவ்வளவே. மடிப்புவேலை செய்யும் 13 பேர் கொண்ட இரண்டாம் குழு, தன் பிரதிநிதிகள் வழியாக மாற்றத்தை வகுப்பதில் பங்கேற்றது. துணிகளைச் சரிபார்க்கும் 8 பேரும் 7 பேரும் கொண்ட மூன்றாம், நான்காம் குழுக்களில் அனைவரும் நேரடியாகப் பங்கேற்றனர்.

முதல் குழுவின் உற்பத்தி 50 அலகை ஒட்டியே தேங்கியது. முதல் 40 நாட்களுக்குள் 17 விழுக்காட்டினர் விலகினர். இரண்டாம் குழு 14 நாட்களில் 61 அலகை எட்டியது. மூன்றாம், நான்காம் குழுக்கள் விரைவில் மீண்டதோடு முன்னைய அளவைவிடச் சுமார் 14 விழுக்காடு மிகுதியாக உற்பத்தி செய்தன. பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தோடு கதையை முடித்துக்கொள்கின்றன.

ஆயின் ஆய்வின் வலிமைமிக்க பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. முதல் குழுவில் எஞ்சியிருந்த 13 பேர் இரண்டரை மாதங்களுக்குப் பின் மீண்டும் ஒன்று சேர்க்கப்பட்டு, வேறொரு புதிய வேலைக்கு மாற்றப்பட்டனர்; இம்முறை அனைவரும் பங்கேற்கும் முறை பின்பற்றப்பட்டது. அவர்கள் விரைவாகத் தரஅளவை மீட்டனர். முன்பு ‘எதிர்த்தவர்’ எனப்பட்டோரும் இப்பொழுது இசைந்தவர் எனப்பட்டோரும் அதே பதின்மூவரே. எதிர்ப்பு அவர்களுடைய இயல்பாக இருந்திருந்தால் இரண்டரை மாதத்தில் அது மறைந்திருக்க இயலாது. மாறியது அவர்கள் நடத்தப்பட்ட முறை மட்டுமே. ‘மாற்றத்திற்கு எதிர்ப்பு’ என்னும் தொடரைத் தலைப்பிலேயே கொண்டு அதனைப் பரப்பிய ஆய்வு, அத்தொடரின் இன்றைய பொருளுக்கு எதிரான சான்றைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது.

இவ்வாய்வின் குறைகளும் சுட்டத்தக்கன. குழுக்கள் அளவில் சமமானவையல்ல. செய்த வேலைகளும் வேறு வேறு. பார்ட்லெம், லாக் ஆகியோர் 1981-இல் இதனை மறுஆய்வு செய்து, விளைவுகளுக்குப் பங்கேற்பு மட்டுமே காரணம் எனக் கொள்ள இயலாது என்றும், கூலி வீதம் நியாயமானது என்ற நம்பிக்கை போன்றவையும் காரணமாகலாம் என்றும் வாதிட்டனர். நார்வே நாட்டுக் காலணி ஆலை ஒன்றில் ஃபிரெஞ்ச், இஸ்ரயேல், ஓஸ் ஆகியோர் நடத்தி 1960-இல் வெளியிட்ட ஆய்வில் உற்பத்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தொழிற்சங்கத்தின் வழியே பங்கேற்பதை உரிய முறையாகக் கருதும் சூழலில், நிர்வாகம் கூட்டும் குழுக் கூட்டம் அதே பொருளைத் தருவதில்லை என்பது இதனால் புலனாகிறது.

இவற்றினும் முதன்மையான குறை ஒன்று உண்டு. பங்கேற்ற குழுவினர்முன் இரண்டு பைஜாமாக்கள் வைக்கப்பட்டன. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றிய அவற்றுள் ஒன்றின் விலை மற்றதைப்போல் இரு மடங்கு. எது மலிவானது என்று குழுவினரால் கூற இயலவில்லை. செலவைக் குறைக்க வேண்டிய தேவை இவ்வாறு நாடகப் பாங்கில் உணர்த்தப்பட்டது. குழுவினரும் தேவையற்ற அலங்கார வேலைகளை நீக்கலாம் என உடன்பட்டனர். ‘எவ்வாறு குறைப்பது’ என்ற வினாவில் அவர்கள் குரலுக்கு இடமிருந்தது. ‘குறைக்க வேண்டுமா, குறைப்பதன் பயன் யாருக்கு’ என்ற வினா கூட்டம் தொடங்கும் முன்னரே முடிவாகியிருந்தது.

3. நிலக்கரிச் சுரங்கம்: குறைபாடு யாரிடம்?

1951-இல் அதே ஆய்விதழில் எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் ஆகியோரின் கட்டுரை வெளிவந்தது. டிரிஸ்ட் இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்தவர். பாம்ஃபோர்த் தாமே நிலக்கரி வெட்டிய தொழிலாளி. இச்சேர்க்கை அக்கட்டுரையின் பார்வையைத் தீர்மானித்தது எனலாம்.

முன்னைய முறையில் இருவர் மூவராக இணைந்த சிறுகுழு, வெட்டுவது முதல் ஏற்றுவது வரை முழு வேலையையும் தானே செய்தது. தன்னோடு உழைப்பவரைத் தொழிலாளியே தேர்ந்துகொண்டார். நீள்சுவர் முறை எனப்பட்ட பொறிமயமான வேலைமுறை வந்தபின், சுமார் 40 பேர் மூன்று முறைமாற்றங்களில் பிரிந்து, ஒவ்வொருவரும் வேலையின் ஒரு கூறை மட்டும் செய்தனர். முதல் முறையில் ஏற்பட்ட பிழை அடுத்த முறையினரின் சுமையாயிற்று. ஒரு முறையினர் மற்றவரைக் காண்பதே அரிதாயிற்று.

இதன் விளைவாகத் தோன்றிய குறைந்த உற்பத்தி, பணிக்கு வாராமை, ஒருவர்மீது ஒருவர் பழிசுமத்தல் ஆகியவற்றை அக்கட்டுரை விரிவாகப் பதிவு செய்கிறது. இவை யாவும் இன்றைய பாடநூலில் ‘எதிர்ப்பின் அறிகுறிகள்’ என்ற தலைப்பின்கீழ் இடம்பெறத்தக்கவை. டிரிஸ்டும் பாம்ஃபோர்த்தும் அவ்வாறு கொள்ளவில்லை. தொழில்நுட்ப அமைப்பு, சமூக அமைப்பு ஆகிய இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமையின் விளைவாகவே அவற்றை விளக்கினர். பணிக்கு வாராமை, பொறுக்க இயலாத வேலையிலிருந்து தொழிலாளி தமக்குத் தாமே எடுத்துக்கொள்ளும் ஈடு என்று அவர்கள் கண்டனர். இருட்டிலும் இடிபாட்டு அச்சத்திலும் உழைப்பவர்க்கு உடனிருப்போரின் துணை எத்துணை இன்றியமையாதது என்பதை, அவ்விருட்டை அறிந்த ஒருவரே எழுத்தில் கொணர முடிந்தது. சமூக-தொழில்நுட்ப அமைப்பு என்னும் கோட்பாடு இக்கட்டுரையிலிருந்தே வளர்ந்தது.

4. அகமதாபாத்: குழுவாதலும் கலைதலும்

டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் 1953-இல் அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் ஆய்வைத் தொடங்கினார். புதிய தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டும் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஆய்வுக்குரிய கூடத்தில் 224 தறிகளும் 29 தொழிலாளரும் இருந்தனர். நெசவாளர், அறுந்த இழை முடிவோர், ஜாபர், எண்ணெய் விடுவோர், கூட்டுவோர் என வேலை 12 வகையாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு வகையினரும் வெவ்வேறு எண்ணிக்கையிலான தறிகளைக் கவனித்தனர். ஆதலால் எந்தத் தறிக்கு எவர் பொறுப்பு என்பது ஒருவர்க்கும் தெளிவாக இல்லை.

64 தறிகளுக்கு 7 பேர் என்ற அளவில் குழுக்கள் அமைக்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. அதனைக் கேட்ட தொழிலாளர் தாமே குழுக்களாக இணைந்தனர். தொடக்க இடர்கள் நீங்கியபின் தறிகளின் செயல்திறன் சராசரி 80 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காட்டிற்கு உயர்ந்தது. பழுதுபட்ட துணி 32 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காட்டிற்குக் குறைந்தது. மாற்றத்தை வெறுப்பவர் என்று கருதப்படும் தொழிலாளரே மாற்றத்தை விரைந்து நடத்திக் காட்டினர் என்பது இங்கு நோக்கத்தக்கது. அவர்கள் ஏற்றது வேலைக்கு ஒழுங்கும் பொறுப்புக்கு எல்லையும் தந்த மாற்றத்தை ஆகும்.

இம்முயற்சியைத் தனித்து நோக்கும் வழக்கம் ஒரு வரலாற்றை மறைத்துவிடுகிறது. 1918-இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் காந்தியின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். காலிகோ ஆலையின் உரிமையாளர் அம்பாலால் சாராபாய். அவருடைய தமக்கை அனசூயா சாராபாய் தொழிலாளர் பக்கம் நின்றார். 1920-இல் மஜூர் மகாஜன் என்னும் தொழிற்சங்கம் உருவாயிற்று. பூசலை நடுவர் தீர்ப்பால் முடித்துக்கொள்ளும் மரபும் வளர்ந்தது. ஆகவே 1953-இல் ரைஸ் சந்தித்த தொழிலாளர், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசியும் போராடியும் பழகிய ஒரு மரபின் வழிவந்தோர். அவர்கள் விரைந்து குழுவானதைக் குழு உளவியலால் மட்டும் விளக்குதல் நிறைவு தருவதன்று.

எரிக் மில்லர் 1970-இல் அவ்வாலைக்கு மீண்டும் சென்று கண்டவற்றை 1975-இல் வெளியிட்டார். நான்கு தறிக்கூடங்களுள் ஒன்றில் மட்டுமே குழுமுறை ஏறத்தாழ மாறாது நிலைத்திருந்தது. ஏனைய மூன்றிலும் அது வெவ்வேறு அளவில் மறைந்துபோயிருந்தது. ஒரே ஆலை, ஒரே நகரம், ஒத்த தொழிலாளர். எனவே குழுமுறையின் தேய்வை அவர்களுடைய மனப்பாங்கால் விளக்க வழியில்லை. கூடத்திற்குக் கூடம் வேறுபட்ட சூழ்நிலையையே ஆராய வேண்டியுள்ளது.

அதன் பின்னர் நிகழ்ந்தது இன்னும் பெரிய மாற்றம். 1980-களிலும் 1990-களிலும் அகமதாபாத்தின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன, காலிகோவும் தப்பவில்லை. வேலையிழந்தோரின் வாழ்வை யான் பிரமன் 2004-இல் நூலாகப் பதிவு செய்தார். தறியை எவ்வாறு இயக்குவது என்பதில் கருத்துக் கேட்கப்பெற்ற தொழிலாளர், ஆலை இயங்க வேண்டுமா என்பதை முடிவு செய்யும் இடத்தில் இருக்கவில்லை.

5. மூன்று பனுவல்களும் கூறுவதும் கூறாததும்

மூன்றையும் இணைத்து நோக்கும்போது இரு முடிபுகள் கிட்டுகின்றன. முதலாவது, இவற்றுள் எதுவும் இடையூற்றைத் தொழிலாளியின் பிறவிக் குணமாகக் கொள்ளவில்லை. ஹார்வுட் ஆய்வு அதனை விரக்தியாகவும் குழுவின் அழுத்தமாகவும் கண்டது. சுரங்க ஆய்வு அதனை அமைப்பின் பொருந்தாமையாகக் கண்டது. அகமதாபாத் ஆய்வு அதனைப் பொறுப்பின் குழப்பமாகக் கண்டது. இவற்றை முன்னோடிகளாகப் போற்றிக்கொண்டே, ‘எதிர்க்கும் தொழிலாளி’ என்னும் வடிவத்தைப் பாடநூல்கள் வரைவது மூலங்களுக்கு மாறானது.

இரண்டாவது, மூன்றும் ஒரு வினாவின் முன் நின்றுவிடுகின்றன. கூலி, வேலைப்பளு, வேலையின் நிலைபேறு ஆகியவற்றில் நிர்வாகத்தின் நலனும் தொழிலாளரின் நலனும் உண்மையாகவே முரண்படக்கூடும். அம்முரணில் தொழிலாளர் ‘வேண்டா’ என்று கூறினால், அது தடையன்று. காரணத்தோடு கூடிய எதிர்ப்பே. அனைத்தையும் ‘தடை’ எனப் பெயர்த்துவிட்டால் இப்பிழை மறுபுறத்திலிருந்து நுழையும்; தொழிலாளியின் அரசியல் அறிவு அமைப்பின் பழுதாகச் சுருங்கிவிடும். ஆதலின் ஒரு சொல்லை நீக்கி மற்றொன்றை வைப்பதால் சிக்கல் தீர்வதில்லை.

தமிழில் இரு சொற்களும் இருப்பதை ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். வேலையின் அமைப்பாலும் குழு உறவாலும் எழுவதைத் ‘தடை’ என்றும், பயின்ற திறன் பயனற்றுப்போகும் அச்சத்தால் எழுவதைத் ‘தயக்கம்’ என்றும், நலன்களின் முரணால் எழும் மறுப்பை ‘எதிர்ப்பு’ என்றும் வேறுபடுத்தலாம். ஹார்வுட்டின் முதல் குழுவிற்கு நேர்ந்தவற்றுள் பெரும்பகுதி தடையும் தயக்கமும். 1918-இல் அகமதாபாத்தில் நிகழ்ந்தது எதிர்ப்பு. தடையை வேலைமுறையைத் திருத்தி நீக்கலாம். தயக்கத்தைப் பயிற்சியாலும் போதிய கால அவகாசத்தாலும் நீக்கலாம். எதிர்ப்பைப் பேச்சுவார்த்தையால் மட்டுமே எதிர்கொள்ள இயலும். மூன்றையும் ஒன்றாகக் கருதும் நிர்வாகம், பேச வேண்டிய இடத்தில் பயிற்சி வகுப்பு நடத்தும்; வேலைமுறையைத் திருத்த வேண்டிய இடத்தில் அறிவுரை கூறும்.

முடிவுரை

நிறுவன மாற்றம் குறித்த கல்வி தமிழகத்துப் பல்கலைக்கழகங்களில் மேலாண்மை, வணிகவியல், உளவியல், சமூகப்பணி ஆகிய துறைகளில் இடம்பெறுகிறது. அங்குப் பயில்வோருட் பலர் நாளை மனிதவள அலுவலராகவும் மேற்பார்வையாளராகவும் பணியாற்றவுள்ளனர். ஒரு தொழிலாளி கொண்டுவரும் குறையை அவர்கள் எப்பெயரால் பதிவு செய்வர் என்பது அவர்கள் கற்ற சொல்லைப் பொறுத்தது.

மூலப் பனுவல்களை நேரே பயிலும்போது, அவை வழங்கும் சான்றும் அவை விட்ட இடைவெளியும் ஒருங்கே தெரியவருகின்றன. ஹார்வுட்டின் பதின்மூவர், முறை மாறின் நடத்தை மாறும் என்பதற்குச் சான்று. அகமதாபாத்தின் நான்கு கூடங்கள், மாற்றம் நிலைப்பது சூழலைப் பொறுத்தது என்பதற்குச் சான்று. மூடப்பட்ட ஆலைகள், பங்கேற்பின் எல்லை எவ்விடத்தில் வரையப்பட்டது என்பதற்குச் சான்று. பின்னலாடை ஆலைகள், நூற்பாலைகள், போக்குவரத்துக் கழகங்கள், மென்பொருள் நிறுவனங்கள் எனத் தமிழகப் பணியிடங்களில் நிகழும் மாற்றங்களைத் தடை, தயக்கம், எதிர்ப்பு என்னும் இப்பாகுபாட்டின் வழியே கள ஆய்வு செய்து, அப்பாகுபாடு பொருந்துமா என்று சோதிப்பது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.